மண்ணகத்து ஏடுகள்

கிணறு வெட்டுவோர் நிலத்தை அகழ்ந்து செல்லுங்கால், மேலே செம்மண்ணும், அதன்கீழ்க் களியும், அதற்கும் கீழே சரளையும், பின்னர்ப் பாறையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுதலைக் காணலாம். இவ்வடுக்குகள் ஒரே நாளில் அமைந்தவை அல்ல. ஆறு கொணர்ந்த வண்டலும், காற்றுச் சுமந்த தூளும், கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளும், எரிமலை உமிழ்ந்த குழம்பும் காலந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியவை. பெரும்பாலும் கீழே உள்ளது முன்னது. மேலே உள்ளது பின்னது. ஆதலின், நிலத்தின் அடுக்குகளை ஒரு பெருநூலின் ஏடுகள் என்று கூறுதல் பொருந்தும். அந்நூலில் எழுத்து இல்லை. ஆயினும் படிக்கத் தெரிந்தவர்க்கு அதன் ஒவ்வோர் ஏடும் ஒவ்வொரு காலத்தின் செய்தியைச் சொல்லும்.

அந்நூலைத் திறத்தலோ எளிதன்று. நில உருண்டையின் நடுவிடம், மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மக்கள் இதுவரை இட்ட துளைகளுள் செங்குத்தாக மிக ஆழ்ந்தது, உருசிய நாட்டின் வடமேற்கிலுள்ள கோலாத் தீபகற்பத்தில் சோவியத்து அறிஞர்கள் இட்டதாகும். 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணி 1989-ஆம் ஆண்டில் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. ஒரு சாண் அகலமே உள்ள அத்துளைக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. எதிர்பார்த்ததினும் மிகுந்த வெப்பம் அதற்குமேல் செல்லவொட்டாது தடுத்தது. அவ்வளவு உழைத்தும், நடுவிடத்திற்குச் செல்லும் வழியில் ஐந்நூற்றில் ஒரு பங்குகூடக் கடந்தபாடில்லை. நிலத்தின் ஆழத்திலிருந்து வெளிவரும் ஒவ்வொரு முழக் கல்லும் எவ்வளவு பொருளும் உழைப்பும் செலவிட்டுப் பெறப்படுகின்றது என்பது இதனால் விளங்கும்.

பாறைத் தண்டு

நீருக்காகத் துளையிடுவோர் பாறையைத் தூளாக்கி வெளியேற்றி விடுவர். அவர்க்கு வேண்டுவது துளையே. நிலவியல் அறிஞர்க்கு வேண்டுவது கல். ஆதலின் அவர்கள் உள்ளீடற்ற குழாய் ஒன்றின் நுனியில் கடினமான பற்களைப் பொருத்திச் சுழற்றுவர். பற்கள் வட்டமாகப் பாறையை அறுத்துச் செல்ல, நடுவிலுள்ள பாறை உடையாமல் குழாயினுள் ஏறி நிற்கும். அதனை மேலே இழுத்து வெளியே எடுத்தால், நீண்ட தடிபோன்ற கல் கிடைக்கும். அதுவே பாறைத் தண்டு.

தண்டு வெளிவந்ததும் செய்யவேண்டிய முதற் கடமை அதற்கு அடையாளம் இடுதலே. எந்தத் துளையிலிருந்து வந்தது, எத்தனை மீட்டர் ஆழத்தில் இருந்தது, எந்த முனை மேலே இருந்தது என்பவற்றை உடனே குறித்தல் வேண்டும். இக்குறிப்பு இல்லையேல், பல கோடி ஆண்டு வரலாற்றைத் தாங்கிய கல்லும் வழியில் கிடக்கும் கல்லும் ஒன்றே. தலைப்பும் எண்ணும் இழந்த தனியேடு எந்த நூலைச் சேர்ந்தது என்று அறியமாட்டாமல் சுவடி ஆராய்வோர் திகைப்பது போல, அறிஞரும் திகைக்க நேரும். எனவே கல்லும் அதனைப் பற்றிய அளவைக் குறிப்பும் உடலும் உயிரும் போன்றவை. ஒன்றை விட்டு மற்றொன்று பயன்படாது.

இவ்வாறு பெறும் கல்லையும் குறிப்பையும் பெற்றவரே வைத்துக்கொள்வதா, பிறர்க்கும் பகிர்ந்தளிப்பதா? இவ்வினாவிற்கு மெக்சிக்கோ நாட்டில் கிடைத்த சில கற்கள் விடை கூறுகின்றன.

அறிஞர் தேடிய குழி

ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தில் உலவிய டைனோசர் என்னும் பேருயிர்களும், கடலில் வாழ்ந்த பல இனங்களும் மாண்டொழிந்தன. பறவைகளாக மாறிய கிளையைத் தவிர, டைனோசர் இனம் எஞ்சவில்லை. அக்காலத்து உயிரினங்களுள் நான்கில் மூன்று பங்கு அழிந்தன என்பர். இதற்குக் காரணம் யாது என்பது நெடுங்காலம் அறியப்படாத புதிராக இருந்தது.

வால்டர் ஆல்வரெஸ் என்னும் நிலவியல் அறிஞர், இத்தாலி நாட்டுக் குப்பியோ என்னும் ஊரின் அருகே, அவ்வழிவு நேர்ந்த காலத்தைச் சேர்ந்த மெல்லிய களிமண் அடுக்கு ஒன்றைக் கண்டார். அவர் தந்தை லூயிஸ் ஆல்வரெஸ், 1968-ஆம் ஆண்டில் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்றவர். தந்தையும் மைந்தரும், பிராங்க் அசாரோ, ஹெலன் மிச்சல் என்னும் வேதியியல் அறிஞர் இருவரும் கூடி அக்களிமண்ணை ஆராய்ந்தனர். அதில் இரிடியம் என்னும் உலோகம் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டது. நிலத்தின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் இருப்பது அவ்வுலோகம். ஆதலின், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் குறுக்களவு உள்ள விண்கல் ஒன்று நிலவுலகின்மீது மோதியிருத்தல் வேண்டும் என்றும், அதனால் எழுந்த புழுதி கதிரவனை மறைத்தமையால் பயிர்களும் உயிர்களும் மடிந்தன என்றும் 1980-ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர்.

கேட்டோர் பலரும், “அத்துணைப் பெரிய கல் வீழ்ந்தது உண்மையாயின், அது தோண்டிய குழி எங்கே?” என்று வினவினர். அறிஞர்கள் உலகப் படங்களை விரித்து வைத்துக்கொண்டு தேடலாயினர். அப்பொழுது அக்குழியிலிருந்து எடுத்த கல் ஒரு கிடங்கில் ஏற்கெனவே இருந்தது. தேடியவர் அதனை அறியார். கல்லை எடுத்தவரும் அதன் பெருமையை உணரார்.

எண்ணெய் தேடியவர் கண்டது

மெக்சிக்கோ நாட்டு அரசின் எண்ணெய் நிறுவனமாகிய பெமெக்ஸ், 1950-களிலும் 1960-களிலும் அந்நாட்டின் யூக்கட்டான் தீபகற்பத்தில் எண்ணெய் தேடி ஆழ்துளைகள் இட்டது. எண்ணெய் கிடைக்கவில்லை. ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உருகி இறுகிய பாறையே கிடைத்தது. அது பழைய எரிமலை ஒன்றின் பாறை என்று கருதி அந்நிறுவனத்தார் அப்பணியைக் கைவிட்டனர். எண்ணெய் தேடுவோர்க்கு எண்ணெய் இல்லாத துளை வெறுந்துளையே அன்றோ?

1978-ஆம் ஆண்டில் கிளென் பென்பீல்டு என்னும் அறிஞர், அந்நிறுவனத்தின் பொருட்டு வானூர்தியில் பறந்து கடலடிப் பாறைகளின் காந்த ஆற்றலை அளந்த குறிப்புகளை ஆராய்ந்தார். கடலின் அடியில் பெரிய அரைவட்டம் போன்ற வடிவம் தென்பட்டது. நிலப்பகுதியின் ஈர்ப்பாற்றலைக் காட்டும் பழைய படம் ஒன்றை எடுத்துப் பார்த்தபொழுது, அதிலும் ஓர் அரைவட்டம் இருந்தது. இரண்டையும் இணைத்தவுடன் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் குறுக்களவுள்ள முழு வட்டம் கண்முன் தோன்றியது. அதன் நடுவிடத்தை அடுத்து இருப்பது சிக்சுலுப் என்னும் சிற்றூர். இது விண்கல் வீழ்ந்த குழியாதல் கூடும் என்று பென்பீல்டும், அந்நிறுவனத்தைச் சேர்ந்த அந்தோனியோ கமார்கோ என்பவரும் கருதினர்.

எண்ணெய் நிறுவனங்கள் தம் அளவைக் குறிப்புகளை எளிதில் வெளியிட மாட்டா. பெரும்பொருள் செலவிட்டுப் பெற்றவை போட்டியாளர் கைக்குப் போய்ச் சேருமே என்னும் அச்சமே அதற்குக் காரணம். அதனை முற்றும் தவறென்று கூறுதற்கில்லை. பெமெக்ஸ் நிறுவனமும் குறிப்புகளை வெளியிட இசையவில்லை. தாம் கொண்ட முடிவை மட்டும் கூறுமாறு இருவர்க்கும் இசைவளித்தது. அவ்வாறே 1981-ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கூடிய எண்ணெய்த் துறை அறிஞர் மாநாட்டில் அவர்கள் அதனை எடுத்துரைத்தனர். அந்தோ! விண்கல் மோதலை ஆராய்வோர் பலர் அப்பொழுது வேறோர் ஊரில் தனி மாநாடு கூட்டி, அதே பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். விடை அறிந்தவர் ஓரிடத்திலும் வினா எழுப்பியவர் மற்றோரிடத்திலும் இருந்தமையால், இருவரும் சந்திக்கவே இல்லை.

தம் கருத்தை மெய்ப்பிக்க வேண்டுமாயின் கல் வேண்டும் என்பதைப் பென்பீல்டு உணர்ந்திருந்தார். பழைய துளைகளிலிருந்து எடுத்த கற்களைக் கேட்டபொழுது, அவை தொலைந்தன அல்லது அழிந்தன என்னும் மறுமொழியே கிடைத்தது. துளையிட்ட இடங்களுக்கே சென்று தேடியும் பயனில்லை. மனம் தளர்ந்த அவர் அம்முயற்சியை நிறுத்தினார்.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. ஆலன் ஹில்டிபிராண்டு என்னும் இளைய ஆராய்ச்சியாளர், கரீபியக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் மோதலின் அடையாளங்களைத் தேடி வந்தார். ஹெயிட்டி நாட்டில் உருகித் தெறித்த கண்ணாடி மணிகளைக் கண்டு, குழி அண்மையில்தான் இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். முன்னாளில் பென்பீல்டின் கருத்தைச் செய்தித்தாளில் எழுதியிருந்த செய்தியாளர் ஒருவர், 1990-ஆம் ஆண்டில் அச்செய்தியை ஹில்டிபிராண்டுக்கு எடுத்துச் சொன்னார். உடனே ஹில்டிபிராண்டும் பென்பீல்டும் தொடர்பு கொண்டு, மீண்டும் கற்களைத் தேடினர். தொலைந்தன என்று கருதப்பட்ட கற்களுள் இரண்டு மாதிரிகள் அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் பல ஆண்டுகளாக வைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது.

அக்கற்களை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். அவற்றிலிருந்த குவார்ட்சு என்னும் படிகங்களில், இணைகோடுகள் நெருங்கிக் காணப்பட்டன. எரிமலையின் அழுத்தத்தால் இத்தகைய கோடுகள் விழமாட்டா. பெருங்கல் மோதும் பேரதிர்ச்சியாலேயே இயற்கையில் அவை தோன்றும். 1991-ஆம் ஆண்டில் ஹில்டிபிராண்டு, பென்பீல்டு, கமார்கோ முதலியோர் இணைந்து தம் முடிவை வெளியிட்டனர். உலகம் தேடிய குழி கிடைத்தது. கைப்பிடி அளவுள்ள கல்லை எவரோ எறியாமல் வைத்திருந்தமையால் அன்றோ அது கிடைத்தது! அக்கல் முன்னரே அறிஞர் அனைவர்க்கும் எட்டும் இடத்தில் இருந்திருப்பின், பத்தாண்டுக் காலம் வீணாகியிராது என்பதும் எண்ணத் தக்கது.

பகுத்து வைத்த கல்

இப்பட்டறிவின் பயனைப் பின்வந்தோர் நன்கு உணர்ந்தனர். 2016-ஆம் ஆண்டில், கடலடியையும் நிலத்தடியையும் துளைத்து ஆராயும் பன்னாட்டு அமைப்புகள் இரண்டு ஒன்றுகூடி அக்குழியின் உட்பகுதியைத் துளையிட்டன. இலண்டனைச் சேர்ந்த ஜோவன்னா மார்கன் என்னும் அம்மையாரும், டெக்சஸைச் சேர்ந்த ஷான் குலிக் என்பவரும் அறிஞர் குழுவிற்குத் தலைமை தாங்கினர். யூக்கட்டான் கரைக்கு அப்பால், ஆழம் குறைந்த கடலில் கால்களை ஊன்றி, நீருக்கு மேலே தன்னை உயர்த்திக்கொண்டு நின்ற கலத்திலிருந்து அத்துளை இடப்பட்டது. கடலடியிலிருந்து ஏறத்தாழ 1,335 மீட்டர் ஆழம்வரை அது சென்றது. 500 மீட்டருக்குக் கீழே தொடங்கி இறுதிவரை, 800 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள பாறைத் தண்டு கிடைத்தது.

அத்தண்டுகள் ஜெர்மனி நாட்டின் பிரேமன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்குப் பல நாட்டு அறிஞரும் கூடியிருக்க, ஒவ்வொரு தண்டும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்பட்டது. ஒரு பாதிக்குக் காப்புப் பாதி என்றும், மற்றொரு பாதிக்கு ஆய்வுப் பாதி என்றும் பெயர். காப்புப் பாதியைப் படம் எடுத்தும், சிதைக்காமல் அளந்தும் வைத்து விடுவர். அதிலிருந்து எளிதில் துண்டு வெட்ட விடார். ஆய்வுப் பாதியிலிருந்தே அறிஞர்க்குத் துண்டுகள் வழங்கப்படும். விதைநெல்லைக் குதிரில் காத்து, உண்ணும் நெல்லைப் பகிர்ந்தளிக்கும் உழவரின் முறைமை இதனோடு ஒப்பிடத் தக்கது. இன்றைய கருவிகளால் அறிய இயலாதவற்றை நாளைய கருவிகள் அறியக்கூடும். இன்னும் பிறவாத அறிஞர்க்கும் அக்கல்லில் பங்கு உண்டு.

துண்டு வேண்டுவோர், எதற்காக வேண்டும், எவ்வளவு வேண்டும், எவ்வகையில் ஆராய்வர் என்பவற்றை எழுதிக் கேட்டல் வேண்டும். பெற்றபின், கண்ட முடிவை மறைக்காமல் வெளியிடுதல் வேண்டும். எனினும், வெயிலிலும் காற்றிலும் உழைத்துக் கல்லை எடுத்தவர் ஒருவர், புகழ் பெறுபவர் மற்றொருவர் என்னும் நிலை நேர்தல் நன்றன்று. ஆதலின், அப்பணியில் பங்குகொண்ட அறிஞர்க்கு ஓராண்டுக் காலம் முதலுரிமை அளிக்கப்படுகின்றது. அக்காலம் முடிந்ததும், கல்லும் அளவைக் குறிப்புகளும் உலகினர் அனைவர்க்கும் உரியவை ஆகின்றன. உழைப்பவர் உரிமையும் உலகின் உரிமையும் ஒன்றையொன்று நலியாதவாறு அமைத்த நல்ல ஒழுங்கு இதுவாகும்.

இவ்வொழுங்கினால் விளைந்த பயன் பெரிது. பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த கருங்கல், மோதலின் வேகத்தால் நீர்போல் நெகிழ்ந்து, சில நிமிடங்களில் மலையாக எழுந்தது என்பதை ஒரு சாரார் கண்டனர். அதன்மேல், ஏறத்தாழ 130 மீட்டர் பருமனுள்ள உருகிய பாறையும் உடைகல்லும் ஒரே நாளில் குவிந்தன என்பதை மற்றொரு சாரார் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேறு சிலர் நுண்ணுயிர்களின் படிவங்களை ஆராய்ந்து, அனைத்தும் அழிந்த அக்குழியினுள்ளேயே சில ஆண்டுகளில் உயிர்கள் மீண்டும் தோன்றின என்றும், 30,000 ஆண்டுகளுக்குள் அவை செழித்துப் பெருகின என்றும் 2018-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

இவற்றினும் சிறந்தது ஒன்று உண்டு. இத்தாலியக் களிமண்ணில் ஆல்வரெஸ் குழுவினர் கண்ட அதே இரிடியம், குழியிலிருந்து எடுத்த தண்டிலும் இருப்பதாக 2021-ஆம் ஆண்டில் அறிஞர்கள் எழுதினர். ஒரே ஆய்வுக்கூடம் கண்டதாயின் ஐயுறுவோர் இருப்பர் அன்றோ? ஆதலின், துண்டுகள் நான்கு தனித்தனி ஆய்வுக்கூடங்களில் அளக்கப்பட்டன. நான்கிலும் ஒத்த முடிவே கிடைத்தது. கல்லைப் பகிர்தல் ஈகை மட்டும் அன்று. உண்மையை உரைத்துப் பார்க்கும் உரைகல்லும் அதுவே. நம் நாட்டின் தக்காணத்தில் அக்காலத்தே பெருகி ஓடிய எரிமலைக் குழம்பும் அப்பேரழிவில் பங்கு கொண்டது என்று கருதுவாரும் உளர். அவர்தம் கருத்தை ஆராய்தற்கும் அதே கற்கள் திறந்தே உள்ளன.

கல் நூலகங்கள்

கடலடியிலிருந்து எடுத்த தண்டுகளைக் காத்து வழங்குதற்கு மூன்று பெரிய காப்பகங்கள் உள்ளன. அவை பிரேமன் நகரிலும், அமெரிக்க நாட்டு டெக்சஸ் மாநிலத்திலும், ஜப்பான் நாட்டுக் கோச்சி நகரிலும் அமைந்துள்ளன. குளிரூட்டிய அறைகளில், எண்ணிட்ட அடுக்குகளில் தண்டுகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. பிரேமன் காப்பகத்தில் உள்ளவற்றை நீளவாட்டில் வைத்தால் 150 கிலோமீட்டருக்கும் மேல் நீளும்.

இந்தியப் பெருங்கடலின் தண்டுகள் கோச்சியில் உள்ளன. இது கேரளத்துக் கொச்சி அன்று. ஒலியால் ஒத்த வேறு நகரம். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் துளையிட்டு எடுத்த தண்டுகளும் அங்கே உள்ளன. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலும், பருவமழை மிக்கும் குறைந்தும் பெய்த வரலாறும் அவற்றில் பதிந்துள்ளன. நம் நாட்டு வயல்களை வாழ்விக்கும் மழையின் பழங்கதையைப் படிக்க விரும்பும் இந்திய மாணவர் ஒருவர், முறைப்படி எழுதிக் கேட்டால் அக்கல்லின் துண்டைப் பெறலாம்.

1968-ஆம் ஆண்டிலிருந்து கப்பல்கள் பல கடல்களில் தண்டுகளை எடுத்து வந்தன. 1985-ஆம் ஆண்டிலிருந்து அப்பணியைச் செய்த ஜாய்டிஸ் ரெசொலூஷன் என்னும் அமெரிக்கக் கப்பலின் பயணங்கள் 2024-ஆம் ஆண்டில் முடிவுற்றன; செலவு மிகுந்தமை அதற்கு ஒரு காரணம். கப்பல் ஓய்ந்தாலும் கற்கள் ஓயவில்லை. பல பயணங்களில், பல நாட்டினர், பல ஆண்டுகளில் எடுத்த தண்டுகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்த அறிஞர்கள், டைனோசர் அழிந்த நாள் தொடங்கி இன்றுவரை நிலவுலகின் வெப்பமும் குளிரும் மாறிவந்த முறையை ஒரே படமாக வரைந்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எந்த ஒரு கப்பலும், எந்த ஒரு நாடும் தனித்து அதனைச் செய்திருத்தல் இயலாது.

பெட்டியில் பூட்டி வைத்த சுவடியைச் செல் அரிக்கும். படிப்பார் கைக்கு வந்த சுவடியோ நூலாகி நாடெங்கும் பரவும். மண்ணகத்து ஏடுகளும் அத்தன்மையனவே. ஒரு கல்லைத் தேடி எடுப்பது உழைப்பு. அதனைச் சிதையாமல் காப்பது பொறுப்பு. பிறர்க்கும் பயன்படுமாறு கொடுப்பது பண்பு. இம்மூன்றும் ஒருங்கு கூடிய இடத்திலேயே அறிவு வளரும். எண்ணெய் இல்லை என்று ஒதுக்கப்பட்ட கல், ஓர் ஊழியின் முடிவையே எடுத்துரைத்தது. இன்று பயனற்றதாகத் தோன்றும் கல் நாளை என்ன சொல்லும் என்பதை யார் அறிவார்? அதனைக் கேட்க வருவோர்க்காகக் காத்து வைத்தலே இன்று உள்ளோர் கடமை.

பயிற்சி

1. நிலத்தின் அடுக்குகளை ஏடுகள் என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?
2. பாறைத் தண்டுக்கு அடையாளம் இடுதல் இன்றியமையாதது ஏன்?
3. சிக்சுலுப் குழி பத்தாண்டுக் காலம் அறியப்படாதிருந்தமைக்குக் காரணங்கள் யாவை?
4. காப்புப் பாதி, ஆய்வுப் பாதி என்பவற்றின் பயனை விளக்குக.
5. “உழைத்தவர்க்கு ஓராண்டு முதலுரிமை அளித்தல் முறையே” என்பது பற்றி உங்கள் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.